சோம்புத் தைலமும் கணீர்க் குரலும்

"வயிற்றில் உப்புசமா? வாயுத் தொல்லையா? இனி கவலையை விடுங்கள்! பாரம்பரியம் மிக்க..."

கொர்ர்ர்ர்ர்ர்ர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவுப் பெண் கையைத் தூக்கினாள். அவள் குரல் சின்ன ஒலிபெருக்கி வழியே அறைக்குள் வந்தது.

"சார், ஏதாவது நாற்காலியை இழுத்தீங்களா?"

"நான் நின்னுக்கிட்டில்ல இருக்கேன்? மேல்மாடியில எதையோ நகர்த்துறாங்க போல."

"சார், இதுதான் மேல்மாடி."

அவர் இரண்டு முறை இருமிவிட்டு, காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவரைக் கணீரார் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றால், முதலில் அவர்தான் சொல்லிக்கொண்டார். பிறகு மற்றவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தன் குரலுக்கு இணையான குரல் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இருந்த குமாஸ்தா வேலையை அந்த நம்பிக்கையில்தான் உதறினார். அதன்பிறகு அந்தக் குரலுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, ஒரு வணிக வளாகத்து மின்தூக்கியில் "கதவு மூடுகிறது" என்று சொன்னது. அதைக் கேட்பதற்காகவே விடுமுறை நாட்களில் மனைவியைக் கூட்டிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய்வந்தார். வளாகத்துக்காரர்கள் அதையும் எடுத்துவிட்டு வெறும் மணியோசை வைத்துவிட்டார்கள்.

"மறுபடி போகலாமா சார்?" என்றாள் அவள்.

"போகலாம்மா. வயிற்றில் உப்புசமா? வாயுத் தொல்லையா? இனி கவலையை..."

கொர்ர்ர்ர். குளுக். கொய்ங்ங்.

இந்த முறை யாரும் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று தலைகள் ஒன்றுகூடின. ஒன்று அந்தப் பெண். இன்னொன்று வீட்டுக்குள்ளும் தொப்பி போடுகிற விளம்பர இயக்குநர். மூன்றாவது, சோம்புத் தைலம் தயாரிக்கிற முதலாளி. அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கவில்லை. தொப்பிக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வதும், முதலாளி தன் தொந்தியைத் தட்டிக்காட்டிச் சிரிப்பதும் மட்டும் தெரிந்தது. கணீராருக்கு வியர்த்துக் கொட்டியது.

தப்பு அவர் பேரில்தான். வெறும் வயிற்றில்தான் குரல் நிற்கும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவு என்றாலே பட்டினி கிடந்துவிட்டு வருவார். குரல் நின்றதோ இல்லையோ, வயிறு சும்மா இருக்கவில்லை. வயிற்றை அமைதிப்படுத்தும் தைலத்துக்கு விளம்பரம் பேச வந்தவருக்கு வயிறே எதிரியாகிவிட்டது.

தொப்பிக்காரர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

"இன்னைக்கு இது போதும் சார். நாளைக்குக் காலைல வந்துடுங்க."

"நானா? நானேவா?"

"உங்களை விட்டா எங்களுக்கு வேற ஆளே கிடையாது சார். இன்னைக்கு எப்படி வந்தீங்களோ அதே மாதிரி வாங்க. எதையும் மாத்திக்காதீங்க, அது போதும்."

நாகரிகம் தெரிந்தவர்கள் எச்சரிக்கையைக்கூட இப்படித்தான் சர்க்கரை தடவிச் சொல்வார்கள் என்று கணீரார் புரிந்துகொண்டார். குரலை மாற்றாதே, வயிற்றை மட்டும் மாற்றிக்கொண்டு வா. அதுதான் அர்த்தம். வேறென்ன இருக்க முடியும்?

வாசலில் தைல முதலாளி, பார்க்கிற எல்லோருக்கும் கொடுக்கிற பழக்கத்தில், அவர் கையிலும் ஒரு குட்டிப் புட்டியையும் மடித்த துண்டுத்தாளையும் திணித்தார். "நம்ம சரக்கு. வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு உடனே கைப்பேசியில் மூழ்கிவிட்டார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். "எப்படிங்க போச்சு?"

"அமோகம். நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க. நான் இல்லேன்னா வேலையே நடக்காதாம்."

"வயித்துல ஏதோ சத்தம் வருதே."

"அது வேற விஷயம்," என்றார் கணீரார்.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் மாமனார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மருமகனின் குரலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வாத்தியார் வேலை முடிந்துபோன வருத்தத்தில், வீட்டில் யாருடைய தப்பையாவது திருத்திக்கொண்டிருப்பார்.

"மாப்பிள்ளை, பெரியவன் போன் பண்ணினான். கடையில உங்களுக்கு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டாச்சாம்."

பெரியவன் என்பது மனைவியின் அண்ணன். குளியலறைச் சாமான்கள் விற்கிறவர். குழாய், பீங்கான் தொட்டி, மேல்நாட்டுக் கழிப்பறை எல்லாம் அவரிடம் கிடைக்கும். இந்த விளம்பரமும் கைநழுவிப் போனால் கணீரார் அந்தக் கடையில் போய் நின்றுவிட வேண்டும் என்பது குடும்பத்தில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தது. ஆட்சேபிக்க அவரிடம் காரணம் எதுவும் மிச்சமில்லாததால் அவரும் தலையாட்டியிருந்தார். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து அந்தக் கணீர்க் குரலில் "வாங்க சார், கூச்சப்படாம உட்கார்ந்து பாருங்க சார்" என்று சொல்ல வேண்டும்.

"ஸ்டூலை வேற யாருக்காவது போடச் சொல்லுங்க மாமா. நாளைக்கு இந்நேரம் என் குரல் ஊரெல்லாம் கேக்கப் போகுது."

கொர்ர்ர்ர்ர், என்றது வயிறு.

"இங்க இப்பவே கேக்குதே," என்றார் மாமனார்.

முதல் வைத்தியத்தைக் கணீராரே கண்டுபிடித்தார். காலி வயிறுதானே கத்துகிறது? நிரப்பிவிட்டால் தீர்ந்தது. ரொட்டி, வாழைப்பழம், அவித்த முட்டை, மேலே மோர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளினார். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தபடி, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். எல்லோருமாகப் போட்டுக் கேட்டார்கள். அதுவரை தனியாகப் பாடிக்கொண்டிருந்த வயிறு இப்போது பக்கவாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி மோட்டார்ல காத்து புகுந்துட்டா இப்படித்தான் சத்தம் வரும்," என்றாள் மனைவி, அக்கறையோடு.

காற்று என்றால் அதை வெளியேற்ற வேண்டும். தெருமுனைக் கடையில் சோடா வாங்கி மடமடவென்று குடித்தார். வெளியேறத்தான் செய்தது. ஆனால் நிற்கவில்லை.

"பாரம்... ஏவ்... பரியம் மிக்க... ஏவ்..."

"நடுவுல ஏவ் வர்றது எழுதினவங்க போட்டதா, நீங்க சேர்த்ததா?" என்று கேட்டார் மாமனார்.

கணீரார் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் கால்சட்டைப் பையில் இருந்த புட்டி தட்டுப்பட்டது. வாய் கிழிய யாருக்கோ சிபாரிசு செய்கிற சரக்கைத் தானே ஏன் போட்டுப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு அதுவரை வரவே இல்லை. விளம்பரம் பேசுகிறவர்களுக்கு அது வருவதில்லை.

துண்டுத்தாளை விரித்துக் கணீர்க் குரலிலேயே படித்தார். சோம்புத் தைலம் செய்யாத காரியமே உலகத்தில் கிடையாது போலிருந்தது. வயிற்று உப்புசம் தணியும், செரிமானம் சீராகும், வாய் மணக்கும், ஊளைச் சதை கரையும். அந்தக் காலத்து வீரர்கள் துணிச்சல் பிறக்கச் சோம்பை மென்றுவிட்டுச் சண்டைக்குப் போனார்களாம். தூரதேசத்து மக்கள் ஆவி நுழையாமலிருக்கச் சாவித் துவாரத்தில் சோம்பை அடைத்து வைத்தார்களாம்.

"ஆவியெல்லாம் ஓடுமா? பக்கத்து வீட்டு ஆள் கடன் கேட்டு வர்றானே, அவன் ஓடுவானான்னு போட்டிருக்கா?" என்ற மாமனார், தாளை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இன்னொண்ணு விட்டுட்டீங்களே மாப்பிள்ளை. தாய்மார்களுக்குப் பால் சுரக்கும்னு போட்டிருக்கு. பார்த்துத் தடவுங்க."

அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. சில துளிகள் மட்டும், வேறு எண்ணெயில் கலந்து தடவவும். நேரடியாகத் தோலில் படக் கூடாது. மாமனார் அதையும் படித்திருப்பார். ஆனால் கணீரார் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

சில துளிகளுக்கே இத்தனை குணம் என்றால் பாதிப் புட்டிக்கு எவ்வளவு இருக்கும்? சட்டையைக் கழற்றிவிட்டு வயிறு முழுக்க வழித்துத் தேய்த்தார். இனிப்பான வாசனை வீடெங்கும் பரவியது. முதலில் ஜில்லென்றிருந்தது. பிறகு இதமாக இருந்தது. பிறகு அவர் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே ஓட ஆரம்பித்தார்.

"எரியுதே! ஐயோ, எரியுதே!"

"இப்பத்தான் குரல் கணீர்னு இருக்கு," என்றார் மாமனார், மனதாரப் பாராட்டி.

மனைவி ஈரத்துணியால் துடைத்தாள். தைலம் தண்ணீரை மதிக்காமல் இன்னும் பரவலாகப் பூசிக்கொண்டது. பிறகு அவள் சமையல் எண்ணெயை ஊற்றி வழித்தெடுத்ததும்தான் எரிச்சல் அடங்கியது. வயிறு தக்காளி நிறத்தில் சிவந்திருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் கோபமாகவும்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஆள் நிறுத்தியிருப்பான். கணீரார் யோசித்தார். எரிகிறது என்றால் சூடு. சூடு என்றால் குளிர வைக்க வேண்டும். மிச்சத் தைலத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, வெற்றிகரமான முகத்தோடு படுக்கையில் சாய்ந்தார்.

சோம்புத் தைலத்துக்குக் குளிர் ஆகாது. கொஞ்சம் குளிர்ந்தாலே உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். இது துண்டுத்தாளில் இல்லை. பால் பாத்திரம் வைக்க இடம் பண்ணுவதற்காக மனைவி அந்தக் கிண்ணத்தை எடுத்து வெளியே வைத்தாள். சாயங்கால நடைக்குப் புறப்பட்ட மாமனார் அதைப் பார்த்தார். வெள்ளையாக உறைந்திருந்தால் அது தேங்காயெண்ணெய் என்பது அவருடைய கணக்கு. மூக்கடைப்பு அவருக்குக் கூடப்பிறந்தது. வாசனை ஒன்றும் தெரியவில்லை. வழுக்கைத் தலைக்குக் கட்டியாக எடுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.

சற்று நேரத்தில் தெருவிலிருந்து ஓர் அலறல் கேட்டது. கணீராரும் மனைவியும் பால்கனிக்கு ஓடினார்கள். மாமனார் மதிலோரமாக உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு நாய் முன்னங்கால்களை அவர் தோளில் போட்டுக்கொண்டு, பிறவிப் பயனை அடைந்த முகத்தோடு அவர் தலையை நக்கிக்கொண்டிருந்தது. கணீரார் குரல் பயிற்சி செய்யும்போதெல்லாம் விடாமல் குரைக்கிற நாய் அது.

"என்ன தடவினீங்க? விடவே மாட்டேங்குதே!" என்று சங்கிலியை இழுத்தாள் கீழ்வீட்டுக்காரி.

"தேங்காயெண்ணெய்மா! எரியுது! தேங்காயெண்ணெய் எதுக்கு எரியணும்?"

மாமனாரை மேலே கொண்டுவந்து தலைக்கும் சமையல் எண்ணெய் அபிஷேகம் செய்தார்கள். இப்போது அவருடைய தலையும் மருமகனின் வயிறும் ஒரே நிறத்தில் இருந்தன. வாத்தியார் நேராகப் போய்க் கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"டேய், அந்த ஸ்டூல் உறுதியா இருக்கான்னு பாருடா. ஆள் வர்றார்."

அன்று இரவு கணீரார் சாப்பிடவில்லை. சாப்பிட்டாலும் கத்துகிறது, சாப்பிடாவிட்டாலும் கத்துகிறது. பால்கனியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் நல்லாத்தானே பேசறேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வழக்கமான குரலில் வரவில்லை.

"எனக்குப் பிடிக்கும்," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல உங்க குரலைக் கேட்டுத்தான் சரின்னு சொன்னேன். முகத்தைப் பார்த்தது அப்புறம்."

அதில் உள்ள குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. மனசு இளகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார் என்பதுதான் உண்மை. கடையில் நிற்பது கேவலம் என்பதில்லை. கடையில் நின்றுவிட்டால் இனி யாரும் தன்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவருடைய பயம்.

காலையில் அவள் அந்தத் துண்டுத்தாளை முழுக்கப் படித்தாள், எறும்பு எழுத்துகள் உட்பட. கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வெந்நீரின் மேல் காட்டி உருக்கினாள். மாமனார் தலைக்குப் போனது போக மிஞ்சியது சில துளிகள்தான். அதை நல்லெண்ணெயில் கலந்து, சிவக்காத இடமாகப் பார்த்து மெதுவாக வட்டமாகத் தடவிவிட்டாள். கூடவே இளஞ்சூடான கஞ்சி கொஞ்சம் கொடுத்து, பேசாமல் உட்காரச் சொன்னாள்.

பேசாமல் உட்கார்ந்தார். வயிறும் பேசாமல் இருந்தது.

அவள் காதை வைத்துக் கேட்டாள். மாமனாரும் தலையில் துண்டோடு வந்து, வேண்டாவெறுப்பாகக் குனிந்து கேட்டார்.

"சத்தமே இல்லையே," என்றார், ஏமாற்றத்தோடு.

கணீராருக்குக் கால் தரையில் படவில்லை. "வயிற்றில் உப்புசமா?" என்று முழங்கினார். வயிறு பதில் சொல்லவில்லை. "வாயுத் தொல்லையா?" மூச்! சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மாமனார் காலில் விழாத குறையாக விடைபெற்றுப் புறப்பட்டார். கீழ்வீட்டு நாய் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்து, சட்டைப் பொத்தானை முகர்ந்து வழியனுப்பியது.

ஒலிப்பதிவு நிலையத்தில் ராஜ மரியாதை. தொப்பிக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். தைல முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒலிப்பதிவுப் பெண் நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, "நிக்க வேண்டாம் சார், வசதியா சாஞ்சு உட்காருங்க," என்றாள். ஒலிவாங்கியைத் தாழ்த்தி அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பெரிய கலைஞர்களை இப்படித்தான் நடத்துவார்கள் போலும் என்று கணீரார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேச வேண்டிய தாள் கொண்டாரலையே?"

"அவசரமில்ல சார். முதல்ல சும்மா இருங்க. ரெக்கார்டிங் ஆன்ல இருக்கட்டும்," என்றார் தொப்பிக்காரர்.

மூன்று பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார்கள். அவள் காதுபேசியை மாட்டிக்கொண்டாள். கணீரார் புன்னகையோடு சும்மா இருந்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவரைத் தொப்பி இல்லாமல் அங்கே யாரும் பார்த்ததில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் ஒலிப்பதிவுக் கருவியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே," என்று அவள் சொன்னது ஒலிபெருக்கியில் வந்தது.

கணீரார் இந்தத் தருணத்துக்காகத்தான் காத்திருந்தார்.

"கேக்காதும்மா! இனிமே கேக்கவே கேக்காது!" என்று எழுந்து நின்றார். "நேத்து நடந்ததுக்கு எல்லாரும் மன்னிக்கணும். ராத்திரியெல்லாம் பாடுபட்டு வயித்தை அடக்கிட்டேன். ஒரு சின்ன முனகல்கூட வராது. எல்லாம் நம்ம தைலம்தான் சார்!"

தைல முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"நம்ம தைலமா? என்னோட தைலமா?"

"உங்களோடதுதான் சார்."

"வேலை செஞ்சிடுச்சா?" என்று முதலாளி வாயைப் பிளந்தார். அவர் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு செய்தியை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

பின்னாலேயே வந்த தொப்பிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். "எதையும் மாத்திக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே சார்..."

"குரலை மாத்தலையே சார்! கேளுங்க, அதே குரல். வயிற்றில் உப்புசமா? வாயுத் தொல்லையா?" கணீரார் இந்த முறை கண்ணாடி அதிரும்படி முழங்கினார். அவர் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக அந்த வரி வந்ததே இல்லை. "தாளைக் கொடுங்க, ஒரே மூச்சுல முடிச்சிடறேன்."

யாரும் தாளைக் கொடுக்கவில்லை. முதலாளியும் தொப்பிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒலிப்பதிவுப் பெண்தான் காதுபேசியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேசறதுக்கு ஒரு நல்ல குரல் நேத்து சாயங்காலமே கிடைச்சிடுச்சு சார், அந்த மாதிரி வயிறுதான் ஊரெல்லாம் தேடியும் வேற யார்கிட்டயும் கிடைக்கல."